மடிப்பில் இருந்த ஒரு வருடம்

என் வயதுக்காரர்களுக்கு நொய்யலின் பழைய நிறம் நினைவிருக்கும். அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் அதன் கரையோரமெல்லாம் வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பின்னல் மெஷினிலிருந்து பனியன் துணி தையலே இல்லாமல் குழாய் போல இறங்கும். அதைச் சலவைப் பட்டறையில் வெளுத்து, ஆற்றில் அலசி, கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிறுகளில் போடுவார்கள். காற்று உள்ளே புகுந்தால் துணி உப்பி எழும். காற்று நின்றால் வயிறு ஒட்டித் தொங்கும். பிளீச்சிங் பவுடரின் வாசம் மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு, சோறு தின்னும்போதும் கூடவே இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு களத்தில், ஓர் ஐப்பசி மாதம், எங்கள் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இயேசு மேகங்களின்மேல் வருவதற்காகக் காத்திருந்தோம். அவர் அன்றைக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு பெரியது. எனக்குப் பதினோரு வயதுதானே என்பதை ஒரு சமாதானமாக நெடுநாள் வைத்திருந்தேன். இப்போது அது போதவில்லை.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீண்ட மேஜையில் துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து திருப்பி இந்தக் கோடிக்குமாகப் பரப்பிக்கொண்டே போவார். அடுக்கு உயர்ந்ததும் மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டுவார். எத்தனை அடுக்கோ அத்தனை உருப்படி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மேஜை ஓரத்தில் தெரியும் மடிப்புகளையும் அடுக்கோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். பனியன் குறையும், பெட்டி நிறையாது, முதலாளி கத்துவார். பள்ளி விடுமுறையில் நான் கம்பெனிக்குப் போனால் அப்பா என்னை எண்ணச் சொல்வார். நானும் முதலில் அந்தத் தப்பைச் செய்தேன்.

"மடிப்பு, துணி திரும்பற எடம் கண்ணு. அதுல பனியன் வராது. அடுக்கை மட்டும் எண்ணோணும்."

இதை அப்பா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் இந்த ஒன்றைத்தான் நான் கெட்ட இடத்தில் பயன்படுத்தினேன்.

நாங்கள் ஊருக்குள் இருந்த பழைய சபையைச் சேர்ந்தவர்கள். மணி கட்டிய கோபுரம், மர பெஞ்சுகள், வெள்ளைக்காரத் துரை யாரோ வைத்துவிட்டுப் போன ஆர்மோனியம். அப்பாவுக்கு அங்கே ஒரு மனத்தாங்கல் வந்தது. என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை. வேலம்பாளையத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் சிலர் கூடி ஜெபித்தார்கள். அப்பா அங்கே போக ஆரம்பித்தார். பின்னால் எங்களையும் கூட்டிப் போனார்.

அந்தக் கூடுகையை நடத்திய ஊழியக்காரர் தெற்கே இருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, இழுப்பு நோய், பார்வையும் மங்கல். சிறிய எழுத்தை அவரால் படிக்க முடியாது. கூட்டத்தில் தடுமாறாமல் வாசிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான் என்று கண்டுகொண்டார்.

"ஏலே, முன்னால வா. சத்தமா வாசி. உனக்கு கர்த்தர் நல்ல நாக்கைக் குடுத்திருக்காரு."

பெரியவர்கள் முப்பது நாற்பது பேர் நான் வாசிப்பதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்திருந்தார். இங்கே நான் முதல் ஆள். அந்த ருசி எனக்குச் சீக்கிரம் பிடித்துப்போயிற்று.

ஊழியக்காரர் ஒரு தகரத் தட்டிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். இயேசு எப்போது திரும்பி வருவார் என்று அதில் கணக்குப் போடுவார். கிறிஸ்துவுக்கு முன் ஒரு ராஜா போட்ட கட்டளையிலிருந்து தொடங்குவார். வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி இத்தனை நாள் என்று சொன்னதை அத்தனை வருடம் என்று வைத்துக்கொள்வார். அந்த மொத்தத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட வருடங்களைக் கழித்தால் மீதி நிற்பது அப்போது நடந்துகொண்டிருந்த வருடம். மாதம் ஐப்பசி.

அம்மா ஒருநாள் கேட்டாள். "ஏனுங்க ஐயா, அந்த நாள் தேவதூதருக்கே தெரியாதுன்னு வேதத்துல இருக்குதுங்களே."

"நாளுதாம்மா தெரியாது. வருசமும் மாசமும் தெரியக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

ஆனால் நாளும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் ஊழியக்காரர் அல்ல, பனியன் கம்பெனிகள். கூடுகையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்காவது வேலைக்குப் போகிறவர்கள். "மாசம் பூரா லீவு தர மாட்டாங்கய்யா. ஒரு நாளாச் சொன்னீங்கன்னா சொல்லி வெச்சுக்கலாம்" என்றார்கள். கேட்டவர்களில் அப்பாவும் ஒருவர். ஊழியக்காரர் உபவாசம் இருந்தார். பிறகு, பௌர்ணமி என்றார். அது ஒரு வெள்ளிக்கிழமை.

அப்பாவின் முதலாளி கவுண்டர். லீவு கேட்டபோது அவர் சிரிக்கவில்லையாம். "போயிட்டு வாங்க மாஸ்டர். போறதுக்கு முன்னால அந்தப் பம்பாய் ஆர்டரை வெட்டி வெச்சுட்டுப் போயிருங்க. அவர் வந்தாலும் வராட்டியும் சரக்கு போயாகோணும்" என்றாராம். அப்பா வெட்டி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியனுக்குள் கையை விட்டு விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலும் அவளுக்கு அந்தப் பார்வைதான். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். குறைவாகப் பேசுவாள்.

அவளுக்கு அந்தச் சித்திரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பொங்கலூர்ப் பக்கம். பழைய சபையைச் சேர்ந்த குடும்பம். அவர் பின்னல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தையில் கல்யாணம் என்று பேச்சு. அம்மா கோயமுத்தூர் போய்க் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலை ஒன்று வாங்கி வந்து பெட்டியில் வைத்தாள்.

ஐப்பசியில் உலகம் முடிகிறது என்றால் தையில் கல்யாணம் எதற்கு? அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மறுவாரம் மாப்பிள்ளையே சைக்கிளில் வந்தார். எண்ணெய்க் கறை போகாத விரல்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"மாமா, நீங்க சொல்ற நாள் வரட்டுங்க. அவர் வந்துட்டா எல்லாரும் ஒண்ணாவே போயிக்கலாம். கல்யாணச் செலவும் மிச்சம். வரலைன்னா தையில வெச்சுக்கலாம். எனக்கு ரெண்டும் சம்மதமுங்க."

கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பாவும் சிரித்துவிட்டார். அந்த நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து முடிவைக் கேட்டுக்கொள்வதாக மாப்பிள்ளை சொன்னார். போகும்போது சட்டைப் பையிலிருந்து பின்னல் மெஷினின் ஊசி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். மேலே கொக்கி, கொக்கியை மூடித் திறக்கும் ஒரு சின்ன நாக்கு. நூல் உள்ளே போகும்போது நாக்கு திறக்கும், வெளியே வரும்போது மூடும். அவர் நகத்தால் தட்டிக் காட்டினார். தைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தருவதாகச் சொன்னார். அந்த ஊசியைப் பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன். வகுப்பு நடக்கும்போது டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கைத் திறந்து மூடுவேன்.

பள்ளியில் எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. "டேய் ஆகாசத்துக்குப் போறவனே, உன்ற காம்பஸை எனக்குக் குடுத்துட்டுப் போடா. அங்க வட்டம் போடற வேலை இருக்காது" என்றான் ஒருவன். கொடுத்துவிட்டேன். பிறகு அதைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

அம்மா மட்டும் அந்த வருடமும் எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். ஜாடியைப் பார்த்து அப்பா, "இதை யாரு திங்கறது?" என்றார்.

"வர்றவருக்கும் ரெண்டு துண்டு வெக்கலாமுங்க" என்றாள் அம்மா. அவள் கிண்டல் செய்தாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கிகளை அப்பாதான் வெட்டினார். செக்கிங்கில் கழித்த வெள்ளைத் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொருவர் அளவுக்கும் வெட்ட, அக்கா தைத்தாள். ஓட்டைகளைத் தேடித்தேடி ஊசியால் மூடினாள். "ஒண்ணு ரெண்டு ஓட்டை இருந்தா கர்த்தர் செக்கிங்ல கழிச்சுருவாரா?" என்று கூடுகைப் பெண் ஒருத்தி கேட்க, கொட்டகையே சிரித்தது. மகிழ்ச்சியான நாள்கள் அவை. அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்கா தனக்கு அங்கி தைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "எனக்குத்தான் வெள்ளைச் சேலை இருக்குதே" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் சலவைக் களத்துக்குப் போனோம். எங்களில் ஒருவர் அந்தப் பட்டறையில் வேலை செய்தார். வானம் திறந்து தெரியும் இடம் அது. எங்களைச் சுற்றி எட்டுத் திசையிலும் துணி காய்ந்தது. பட்டறை ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்கள்.

"ஏனுங்க மாஸ்டர், காத்து பலமா அடிச்சா துணியோட நீங்களும் போயிருவீங்களாட்ட இருக்குது. எது துணி, எது ஆளுன்னு எப்படிப் பிரிக்கறதுங்க?"

அப்பா புன்னகையோடு கை கூப்பினார். நான் வாசித்தேன், பாடினோம், நான் மறுபடி வாசித்தேன். தொண்டை வறண்டது. மாப்பிள்ளை மதியத்துக்குப் பிறகு வந்து கரைமேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். பக்கத்தில் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் சேலைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்தாள்.

பிற்பகலில் கிழக்கே ஒரு மேகம் ஏறியது. கறுத்து, ஓரம் மட்டும் வெளுத்து, வேகமாக வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஊழியக்காரர் கைகளை உயர்த்தினார். இழுப்பில் அவர் மூச்சு விசிலடித்தது எனக்குக் கேட்டது. அப்பா என் தோளை இறுகப் பிடித்திருந்தார். காற்று வந்தது. ஆயிரம் துணிகளும் ஒரே சமயத்தில் உப்பி எழுந்தன. பயத்தில் எனக்கு மூத்திரம் முட்டியது.

பிறகு மழை விழுந்தது.

"துணி, துணி" என்று பட்டறை மேஸ்திரி கத்தினார். ஆட்கள் ஓடினார்கள். அந்தக் களத்துக்கு அவர்கள் போதவே போதாது. எங்கள் கூட்டத்தில் முதலில் அசைந்தவர் அப்பாதான். அரை நொடி வானத்தைப் பார்த்தார், அரை நொடி கயிற்றைப் பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். காய்ந்த துணி மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் பனியன்காரர்களால் முடியாது. உருவி, சுருட்டி, பட்டறைக் கொட்டகைக்குச் சுமந்தோம். நனைந்த அங்கிகள் பனியன் துணிக்கே உரிய குணத்தோடு நீண்டு, தரையில் இழுபட்டன. ஊழியக்காரர் மட்டும் கைகளை உயர்த்தியபடி சற்று நேரம் நின்றார். பிறகு அவரும் வந்து ஒரு துணியின் வாலைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையும் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தார். கொட்டகைக்குள் நீளமான துணி ஒன்றின் ஒரு கோடி அவர் கையிலும் மறுகோடி அக்கா கையிலும் இருந்தன. துணியை மடிக்க வேண்டுமென்றால் இரண்டு கோடியைப் பிடித்தவர்களும் நடந்து நெருங்கியாக வேண்டும். நெருங்கினார்கள். கோடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மடிப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னுக்கு நகர்ந்தார். மறுபடி நெருங்கினார்கள். அவள் முகத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. என்னைப் போலவே அவரும் அவள் சிரிப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா வைத்த சோறு அப்படியே இருந்தது. தெருவில் யாரோ போகிற போக்கில், "மாஸ்டர், போன வண்டி திரும்பி வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா தலையை இன்னும் கீழே போட்டுக்கொண்டார். அந்தத் தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அது உதித்தது. பள்ளியில் சரித்திர வாத்தியார் பலகையில் நீளக் கோடு ஒன்று போட்டு, இடப்பக்கம் கி.மு., வலப்பக்கம் கி.பி. என்று எழுதியிருந்தார். இடப்பக்க ஒன்றுக்கு அடுத்தது வலப்பக்க ஒன்றுதான், நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருடம் கிடையாது என்று சொல்லியிருந்தார். ஊழியக்காரர் வெறுமனே கழித்திருந்தார். அப்படிக் கழித்தால் இல்லாத அந்த வருடமும் ஒரு வருடமாகச் சேர்ந்துவிடும். நான் சிலேட்டில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. கணக்கு ஒரு வருடம் முன்னால் முடிந்திருந்தது.

இதை அப்பாவிடம் வீட்டிலேயே தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்காக வைத்துக்கொண்டேன். அப்பாவுக்காகச் செய்தேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி, எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்பது.

அன்று கொட்டகையில் பாதிப் பேர் இல்லை. ஊழியக்காரர் பேச எழுந்தார். "பிள்ளைகளா, நான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் உங்க உங்க சபைக்கே போயிருங்க" என்றார். அத்தோடு அது முடிந்திருக்கும். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அக்கா அம்மாவின் கையைத் தொட்டாள். அப்போது நான் எழுந்து தகரத் தட்டியிடம் போனேன்.

சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். முன் வருடங்கள், பின் வருடங்கள். நடுவில் விரலை வைத்து, "இது மடிப்புங்க. அடுக்கு இல்லீங்க. இதையும் சேர்த்து எண்ணீட்டோம். அடுத்த வருஷ ஐப்பசிதானுங்க" என்றேன்.

ஊழியக்காரருக்குப் புரிய நேரம் பிடித்தது. மற்றவர்களுக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் பனியன்காரர்கள். மடிப்பை எண்ணித் திட்டு வாங்காதவர்கள் அங்கே யாருமில்லை. பெண்கள் அழுதார்கள். ஒருவர் என்னைத் தூக்கினார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தலையில் இரண்டு கையையும் வைத்தார். அவர் முகம் திரும்ப வந்திருந்தது. உயரத்திலிருந்து அக்காவைத் தேடினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் போல.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வருவார் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றபோதும் தெரியும். இதைத்தான் நான் தெளிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சொன்னபடி வந்தார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்பா உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினார், மேஜைவிரிப்பை மடித்துக் காட்டியே விளக்கினார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே காப்பியைக் குடித்தார்.

"அடுத்த வருஷமும் இதே மாதிரி ஆச்சுன்னா என்ன பண்றதுங்க மாமா?"

"ஆகாதுங்க மாப்பிள்ளை. தப்பு எங்கேன்னுதான் பையன் கண்டுபுடிச்சுட்டானே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானா கண்ணு கண்டுபுடிச்சது? நல்லாப் படிப்பே நீ."

குரலில் கேலி இல்லை. டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். "எங்கம்மாகிட்டச் சொல்றனுங்க" என்றார். அக்கா நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. தையில் அவருக்கு அவிநாசிப் பக்கம் பெண் முடிந்தது என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த ஜூன் மாதம் பழைய சபையின் உதவியால் எனக்குக் கோயமுத்தூரில் விடுதியோடு ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. அம்மா விடாப்பிடியாக நின்று வாங்கிக்கொடுத்தாள். அப்பா தடுக்கவில்லை. "நாலு மாசந்தானே, படிக்கட்டும்" என்றார். மகளின் கல்யாணத்துக்கு நேரமில்லை என்று சொன்னவருக்கு மகனின் படிப்புக்கு நேரம் இருந்தது. அது அப்போது எங்களில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அக்காவுக்குப் பட்டிருக்கலாம்.

விடுதியில் எனக்குப் புது உலகம். நூலகம், கால்பந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பூரி. வெள்ளைக்காரர்கள் எழுதிய சரித்திரப் புத்தகங்களில் இந்தக் கணக்கை எங்களுக்கு முன்பே எத்தனையோ பேர் போட்டு, எத்தனையோ மலைகளின்மேல் காத்திருந்தார்கள் என்று படித்தேன். பூஜ்யம் என்ற அந்த இல்லாத வருடத்தையும் பிற்பாடு கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை கழன்றுவிட்டது. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஐப்பசி வந்தது. அதன் பௌர்ணமி, நான் குறித்துக்கொடுத்த அந்த நாள், வந்தது. அன்று எங்கள் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் கால்பந்து ஆட்டம். நான் ஒரு கோல் போட்டேன். அந்த நாள் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சில நாள் கழித்துக் குளியல் வரிசையில் வாளியோடு நிற்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்தது. உலகம் முடியவில்லை என்பதை வரிசையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கொட்டகையில் யாரோ பஞ்சுக் கழிவு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஊழியக்காரர் இரண்டு வேட்டியும் ஒரு வேதப் புத்தகமுமாகத் தெற்கே போய்விட்டதாக அம்மா சொன்னாள். அவரை ஏமாற்றுக்காரர் என்று நாங்கள் பிள்ளைகள் வெகுநாள் பேசினோம். அது தவறு. ஏமாற்ற வந்தவர் தேதி சொல்ல மாட்டார். அவர் நம்பினார். நம்பாமல் போன பிறகும் வாய் திறக்காமல் இருந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

அப்பா எந்தச் சபைக்கும் போகவில்லை. வேலைக்கு மட்டும் போனார். நான் கல்லூரியில் இருக்கும்போது இறந்தார். அதன் பிறகு அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம், "நாள் குறிச்சு உக்காந்த குடும்பமாமே" என்ற பேச்சில் நின்றுபோயின. சில வருடங்களில் வருவதும் நின்றது. அவள் செக்கிங் சூப்பர்வைசர் ஆனாள். பிறகு வேலம்பாளையத்தில் இரண்டு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கித் தைத்துக்கொடுத்தாள். நான் படித்தேன், ஆசிரியர் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். அந்தப் பின்னல் ஊசியை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. விடுதியில் இருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அக்கா வீட்டுக்குப் போனேன். மின்சாரம் போயிருந்தது. மெஷின்கள் நின்றிருந்தன. அவள் வாசல் பக்கம் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை. நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னிக்குக் கொட்டாயில நான் எந்திரிச்சிருக்கக் கூடாது."

"எதுக்கு? கணக்கு சரிதானே?"

"சரிதான். ஆனா உனக்கு..."

"நீ எந்திரிக்கலீன்னா அப்பன் அந்தச் சுவத்தைப் பார்த்தே செத்திருப்பாரு. எனக்குத் தெரியும். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை கண்ணு."

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அறுபது வயதுக்காரன், அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அவள் ஒரு பனியனை உதறி, அடுத்ததை எடுத்தாள்.

"ரெண்டாவது வருஷந்தான்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மறுபடியும் எல்லாரும் அங்கியைப் போட்டுட்டுக் களத்துக்குப் போனோம். நான் அதே சேலையைக் கட்டிட்டுப் போனேன். நீ வருவேன்னு அப்பன் வழியைப் பார்த்துட்டே இருந்தாரு. கோயமுத்தூர் பஸ் நிக்கற பக்கம் பார்த்தபடியே உக்காந்திருந்தாரு, வானத்தைப் பார்க்கலை. சாயங்காலம் ஊழியக்காரர்கிட்டக் கேட்டாரு, 'பையன் அங்கேயிருந்து நேரா மேல வந்துருவானுங்களா, இல்லை இங்க வந்துதான் சேரோணுமா'ன்னு."

கத்தரிக்கோல் ஒரு முறை நின்றது.

"உனக்கும் ஒரு அங்கி வெட்டியிருந்தாரு. நாலஞ்சு மாசமாப் பார்க்காததுனால உன்ற அளவு தெரியலை. வளர்ந்திருப்பேன்னு சொல்லி ரெண்டு இஞ்சு சேர்த்து வெட்டினாரு. மடியிலேயே வெச்சிருந்தாரு. நீ எங்கே இருந்தே அன்னிக்கு?"

கால்பந்து ஆடினேன் என்று சொன்னேன். அதை மறைக்காமல் சொன்னேன் என்பது மட்டுமே எனக்கு மிச்சம்.

அவள் தலையாட்டினாள். கோபம் தெரியவில்லை. ஓட்டை கண்ட பனியனைத் தனியே வைப்பதுபோல எதையோ தனியே வைத்தாள் என்று மட்டும் தோன்றியது.

"அந்த அங்கி இருக்குதா அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கே இருக்குது. மெஷின் தொடைக்க எடுத்துட்டேன்" என்றாள். மின்சாரம் வந்தது. அவள் எழுந்து மெஷினிடம் போனாள். "நல்ல துணி கண்ணு. ரொம்ப நாள் வந்துச்சு."